துண்டுக்குள்ள நடுங்கின கை

இந்த வாரம் விருந்தாளி யாரும் இல்லை, நான் மட்டும்தான். வழக்கமா நான் மத்தவங்க கதையைக் கேட்டு, நடுவுல கேள்வி கேட்டுட்டு இருப்பேன். இன்னைக்கு எங்க வீட்டுக் கதை. அப்பாகிட்ட அனுமதி கேட்டேன். "பேர் சொல்லாத, மத்ததெல்லாம் சொல்லு"ன்னாரு. அதனால அவர் இந்த எபிசோடு முழுக்க வெறும் அப்பாதான்.

எங்க ஊர் ஒடுகத்தூர். வேலூர்ல இருந்து அணைக்கட்டு வழியா பஸ் ஏறினா, போகப் போக எதிர்ல ஜவ்வாது மலை பெருசாகிட்டே வரும். மலை அடிவாரம் வந்ததும் இறங்கிடணும், அதான் ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. அப்பா அங்க தரகர். செவ்வாய்க்கிழமை ஆனா பொய்கை மாட்டுச்சந்தைக்கும் போவாரு. விக்கிறவருக்கும் வாங்குறவருக்கும் நடுவுல நின்னு விலை முடிச்சுக் கொடுக்கிறது அவர் வேலை. படிப்பு எட்டாவது. மனக்கணக்குல என்னை மாதிரி பத்து பேரைத் தோற்கடிப்பாரு.

சந்தையில விலை எப்படிப் பேசுவாங்கன்னு சிட்டியில வளர்ந்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. ரெண்டு பேரும் கையைக் கொடுத்துக்குவாங்க, மேல ஒரு துண்டைப் போட்டு மூடிக்குவாங்க. துண்டுக்கு உள்ள ஒருத்தர் விரலை இன்னொருத்தர் பிடிப்பாரு. எத்தனை விரல், எப்படிப் பிடிக்கிறாருங்கிறதுதான் விலை. சுத்தி நிக்கிற அம்பது பேருக்கு ஒண்ணும் தெரியாது. முகத்துலயும் ஒண்ணும் காட்டக் கூடாது. அப்பா அதுல கில்லாடி.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, துண்டுக்குள்ள கையைப் பிடிச்சிருந்த ஒரு வியாபாரி சத்தமா கேட்டுட்டாரு. "இன்னாய்யா, கை இந்த ஆட்டம் ஆடுது? வெலையில இன்னாத்தையோ மறைக்கிற போலக்குதே?"

சுத்தி நின்னவங்க சிரிச்சிருக்காங்க. அப்பாவும் சிரிச்சாராம். அன்னைக்கு அந்த வியாபாரம் முடியலை.

வலது கை. சும்மா மடியில வெச்சிருக்கும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பீடி உருட்டுற மாதிரி ஆடும். ஆட்டுக் கயித்தைப் பிடிச்சு இழுத்தா நின்னுடும். அதனாலயே ஆறேழு மாசம் யாரும் பெருசா எடுத்துக்கலை. அப்புறம் சட்டை பட்டன் போட நேரம் ஆச்சு, நடக்கும்போது வலது கை வீசாம உடம்போட ஒட்டிக்கிட்டே வந்துச்சு. அம்மா சொல்லித்தான் நான் வீடியோ எடுத்துப் பார்த்தேன். வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறது இல்லை. டாக்டர் விரலைத் தட்டச் சொன்னாரு, கையை மடக்கி நீட்டிப் பார்த்தாரு, வராண்டாவுல நடக்கச் சொன்னாரு. திரும்பி வந்ததும் சீட்டு எழுதிக்கிட்டே சொன்னாரு: "பார்கின்சன்ஸ். குணமாகாது. மாத்திரை கடைசி வரைக்கும். அடுத்த பேஷன்ட்."

நியாயமா சொல்லணும்னா, அவர் கண்டுபிடிச்சது சரி. பார்கின்சனை உறுதியாச் சொல்ற சாதாரண ரத்தப் பரிசோதனை கிடையாது. அனுபவமுள்ள டாக்டர் பார்த்து, தொட்டு, நடக்க விட்டுத்தான் முடிவு பண்றாங்க. வெளிய எழுபது பேர் காத்திருந்தாங்க, அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் "அடுத்த பேஷன்ட்" அப்படிங்கிற வார்த்தை அப்பா காதுல எவ்வளவு நாள் இருந்துச்சுங்கிறது அவருக்குத் தெரியாது.

பஸ்ல அப்பா ஜன்னலோரம். அணைக்கட்டு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. அப்புறம் கேட்டாரு: "இது ஒட்டுவாரொட்டியா?" இல்லப்பான்னேன். "உனுக்கு வருமா?" பெரும்பாலும் பரம்பரையா வர்றது இல்லப்பான்னேன். அதுக்கப்புறம் ஒடுகத்தூர் வரைக்கும் ஒண்ணும் இல்லை.

இனிமேதான் நான் இந்த எபிசோடு பண்ணக் காரணமான விஷயம். அடுத்த மூணு வாரத்துல நடுக்கம் ரெண்டு மடங்கு ஆச்சு. அம்மா போன்ல அழுதாங்க. "ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் நல்லா இருந்தாருடி. டாக்டர் வாயால சொன்னதுக்கப்புறம்தான் இப்படி ஆயிட்டாரு." நான் படிச்ச திமிர்ல, அப்படி எல்லாம் இல்லம்மான்னேன். அம்மா சொன்னது சரி. வியாதி மூணு வாரத்துல ரெண்டு மடங்கு ஆகாது. அது வருஷக்கணக்குல மெதுவா நகர்ற வியாதி. அப்படின்னா வேற எதுவோ ரெண்டு மடங்கு ஆகியிருக்கணும்.

கொஞ்சம் மூளைக்குள்ள போவோம், சுருக்கமா. நடுமூளையில சப்ஸ்டான்ஷியா நைக்ரான்னு ஒரு சின்னக் கறுப்புப் பட்டை இருக்கு. அங்க இருக்கிற செல்கள் டோபமைன் தயாரிக்கும். உடம்பு அசைவைத் தொடங்கவும் சீராக்கவும் அது வேணும். அந்த செல்கள் கொஞ்சம் கொஞ்சமா அழியுறதுதான் பார்கின்சன். கை ஆடுறது வெளிய தெரியும்போது ஏறக்குறைய பாதியோ அதுக்கு மேலயோ போயிருக்கும். அதாவது, அப்பாவுக்கு அந்த டாக்டர் சொன்ன அன்னைக்கு வியாதி வரலை. பல வருஷமா உள்ள இருந்திருக்கு. அன்னைக்குப் புதுசா வந்தது செய்தி மட்டும்தான்.

ஆனா செய்தியும் உடம்புக்குள்ள இறங்குது. பயம் வந்ததும் மூளையில ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி ரத்தம் வழியா சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும், அது கார்ட்டிசாலை விடும். இது நிமிஷக்கணக்குல நடக்கிறது. அதுக்கு முன்னாடியே, சில நொடியிலயே, நரம்பு வழியா அட்ரினலினும் நார்அட்ரினலினும் வந்து நெஞ்சைப் படபடக்க வெச்சிருக்கும். புலி வந்தா ஓடுறதுக்கான ஏற்பாடு. நமக்கு அப்ரைசல் மெயில் வந்தா வேலை செய்யுது.

நடுக்கத்துக்கு நெருங்கின சொந்தக்காரங்க இந்த ரெண்டாவது கூட்டம். நரம்பியல் டாக்டர்கள் ஒரு சின்ன வேலை பண்ணுவாங்க. நோயாளியைக் கையை மடியில வெச்சு உட்காரச் சொல்லி, 100-ல இருந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வரச் சொல்வாங்க. 93, 86, 79... அவ்வளவுதான், ஒளிஞ்சிருந்த நடுக்கம் வெளிய வந்துடும். மனசுக்குக் கொஞ்சம் பாரம் கொடுத்தா, மூளையில நார்அட்ரினலின் ஏறி, நடுக்கத்தை உண்டாக்குற சுற்றுக்கு வேகம் கொடுக்குதுங்கிறது ஆய்வாளர்கள் தர்ற விளக்கம்.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. யோசிச்சுப் பாருங்க. கை அசையாம இன்னொருத்தர் கையில இருக்கு. மனசுல கணக்கு ஓடுது. சுத்தி அம்பது பேர். முகத்துல ஒண்ணும் காட்டக் கூடாது. டாக்டர் நடுக்கத்தை வெளிய வரவைக்கப் பண்ற பரிசோதனையும் எங்கப்பா முப்பது வருஷமா பண்ற தொழிலும் ஒண்ணேதான். அந்தத் துண்டுக்குள்ளயே எல்லாம் இருக்கு.

இதுல இன்னொரு வில்லங்கமும் இருந்துச்சு. பார்கின்சனுக்கு முக்கிய மாத்திரை லெவோடோபா. மூளைக்குள்ள போய் டோபமைனா மாறும். நெதர்லாந்துல நெய்மேகன் நகரத்து ஆய்வாளர்கள் 2017-ல ஒண்ணு காட்டினாங்க: மனக்கணக்கு மாதிரி அழுத்தம் கொடுத்தா, லெவோடோபா நடுக்கத்தைக் குறைக்கிற அளவே குறைஞ்சிடுது. வீட்டுத் திண்ணையில வேலை செய்யுற அதே மாத்திரை, நெருக்கடியில அந்த அளவுக்குக் கை கொடுக்கறது இல்லை. இது அப்பாவுக்கு யாரும் சொல்லலை. எனக்கும் அப்போ தெரியாது. அவர் என்ன பார்த்தாரு? மாத்திரை போட்டுட்டு சந்தைக்குப் போறாரு, கை ஆடுது. "இந்த மாத்திரை வேஸ்ட்"னு முடிவு பண்ணி, யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டாரு. ஒன்பது நாள். பத்தாவது நாள் காலையில கட்டில்ல இருந்து எழுந்திருக்க முடியலை. உடம்பு பலகை மாதிரி. அம்மா பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுத் தூக்கி உட்கார வெச்சிருக்காங்க. கேட்டுட்டு இருக்கிற யார் வீட்டுலயாவது இந்த மாத்திரை இருந்தா, தயவுசெஞ்சு டாக்டரைக் கேட்காம நிறுத்த விடாதீங்க. திடீர்னு நிறுத்தினா ஆபத்து.

அந்த ஒன்பது நாள்ல அவர் வேற ஒண்ணும் பண்ணியிருக்காரு. மலையில இருந்து யாரோ சொல்லி, பூனைக்காலி விதைப் பொடி. எனக்குக் கோபம் வந்துச்சு, ஆனா முட்டாள்தனம்னு சொல்ல முடியலை. ஏன்னா 1937-ல நம்ம மதராஸ் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்துல தாமோதரன், ராமசாமின்னு ரெண்டு பேர் அதே பூனைக்காலி விதையில இருந்துதான் லெவோடோபாவைப் பிரிச்செடுத்தாங்க. பார்கின்சனுக்கு அது மருந்துன்னு உலகம் கண்டுபிடிக்க அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பிரச்சினை என்னன்னா, ஒரு ஸ்பூன் பொடியில எவ்வளவு மருந்து இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. அப்பாவுக்கு மூணு நாள் வாந்தி. மாத்திரையோட சேர்த்துப் போட்டிருந்தா இன்னும் மோசம்.

சரி, கார்ட்டிசாலுக்கு வர்றேன். அதை நான் வில்லனாக்க விரும்பலை. அது இல்லாம காலையில நம்மால எழுந்திருக்கவே முடியாது. நடுராத்திரி வாக்குல ரொம்பக் குறைஞ்சு, விடியக்காலையில ஏறி, முழிச்ச அரை மணி, முக்கால் மணி நேரத்துல உச்சத்துக்குப் போய், பகல்ல மெல்ல இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் இருக்கிறதுதான் ஆரோக்கியம். கவலை நாள் முழுக்க, வாரக்கணக்குல நீடிச்சா இறங்க வேண்டிய நேரத்துல அது இறங்காது. தூக்கம் கெடும். தூக்கம் கெட்டா மறுநாள் இன்னும் ஏறும். அம்மா சொன்ன கணக்குப்படி அப்பா தினம் ரெண்டரை மணிக்கு முழிச்சு, கொட்டகையில ஆடு பக்கத்துல போய் உட்கார்ந்திருக்காரு.

பார்கின்சன் உள்ளவங்களுக்கு கார்ட்டிசால் அளவு, அதே வயசுல இருக்கிற மத்தவங்களைவிட சராசரியாக் கூடுதல்னு பல ஆய்வுகள்ல வந்திருக்கு. எல்லாத்துலயும் வரலை. அதுல ஒரு சிக்கல், லெவோடோபாவே கார்ட்டிசாலைக் கொஞ்சம் இறக்கிவிடும். அதனாலதான் மருந்து ஆரம்பிக்காத, புதுசா கண்டுபிடிக்கப்பட்டவங்களைத் தனியாப் பார்க்கணும்னு ஆய்வாளர்கள் மெனக்கெடுறாங்க. மன அழுத்தத்தாலதான் பார்கின்சன் வந்துச்சுன்னு மனுஷங்க கிட்ட நிரூபிக்கப்படலை. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா எங்க வீட்டுலயே ஒரு பெரியம்மா வந்து, "பொண்ணு கல்யாணம் ஆகாம மெட்ராஸ்ல உட்கார்ந்துக்கினா, அந்தக் கவலையிலதான் வந்துச்சு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நன்றி பெரியம்மா.

அதே சமயம் நிரூபிக்கப்பட்ட பாதியும் இருக்கு. அழுத்தம் அறிகுறிகளை ஏத்துது. நெய்மேகன் ஆளுங்களே 2021-ல பார்கின்சன் உள்ள 5000 பேர் கிட்ட ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டாங்க. மன அழுத்தம் வந்தா எது மோசமாகுதுன்னு கேட்டதுக்கு முன்னாடி நின்னது நடுக்கம்தான்.

இப்போ என் தப்பு. நான் தினம் ராத்திரி போன் பண்ணி என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பா, நீ டென்ஷன் ஆகாத. டென்ஷன் ஆனா ஜாஸ்தியாகும்." படிச்சதை அப்படியே மருந்து மாதிரி ஊத்தினேன். அது எப்படி வேலை செஞ்சுச்சுன்னா, அவர் டென்ஷன் ஆயிட்டோமேன்னு டென்ஷன் ஆக ஆரம்பிச்சாரு. கை ஆடினா அது இப்போ அவரோட குத்தம்.

அதோட மறைக்கிறது. கையை வேட்டி மடிப்புக்குள்ள வெச்சுக்கிறது, டீக்கடையில டம்ளரை இடது கையில வாங்குறது, கல்யாணத்துல பந்திக்கு உட்காராம வந்துடுறது. மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும், 'பேக் டு தி ஃபியூச்சர்' நடிகர். 1991-ல 29 வயசுல அவருக்கு பார்கின்சன்னு சொன்னாங்க. வெளிய சொன்னது 1998-ல. ஏழு வருஷம், கேமரா முன்னாடி, இடது கையில எதையாவது பிடிச்சுக்கிட்டு, மாத்திரை நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கிட்டு மறைச்சிருக்காரு. எங்கப்பாவுக்கு கேமரா இல்லை, ஆனா ஒடுகத்தூர்ல யார் வீட்டுல என்ன குழம்புன்னு மூணாவது தெருவுக்குத் தெரியும். மறைக்கிறதுக்கு ஒவ்வொரு நிமிஷமும் காவல் இருக்கணும். அந்தக் காவல்தான் நார்அட்ரினலின். மறைக்க மறைக்க கை கூட ஆடுது, ஆட ஆட மறைக்க வேண்டியது கூடுது.

அவர் சந்தைக்குப் போறதையே நிறுத்தினாரு. ரெண்டு மாசம். தரகுல வர்றதுதான் வீட்டு வருமானம், அதுல கூட்டுறவு சொசைட்டி கடன் தவணையும் போகும். நான் அனுப்பினேன். அதை வாங்கும்போது அவர் குரல்ல கேட்டது எனக்குப் பிடிக்கலை.

ரெண்டாவதா ஒரு டாக்டரைப் பார்த்தோம். அந்த அம்மா கையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, "தூக்கம் எப்படிங்க? எதுலயாவது ஆசையா இருக்கா?"ன்னு கேட்டாங்க. அப்பா தரையைப் பார்த்துக்கிட்டு, "ஒண்ணுத்துலயும் இல்லம்மா"ன்னாரு. எனக்கு அந்த வாக்கியம் புதுசு. அப்புறம் அவங்க சொன்னதுல எனக்குப் பெரிய வெளிச்சம் ஒண்ணு கிடைச்சுது. பார்கின்சன்ல பதற்றமும் மனச்சோர்வும் வெறும் செய்தி கேட்ட அதிர்ச்சி மட்டும் இல்லை. வியாதி டோபமைனோட நிக்காம, செரட்டோனின், நார்அட்ரினலின் தயாரிக்கிற இடங்களையும் தொடுது. பல பேருக்கு கை ஆடுறதுக்குச் சில வருஷம் முன்னாடியே மனசு சோர்ந்து போகுது. ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இது இருக்கு. அதாவது நான் "தைரியமா இரு"ன்னு சொன்னது, உடைஞ்ச காலை "தைரியமா நட"ன்னு சொன்ன மாதிரி. அதுக்கும் தனியா சிகிச்சை இருக்குன்னு சொல்லி, ஆரம்பிச்சாங்க.

கூடவே நடைப்பயிற்சி. சும்மா உலாத்துறது இல்லை, மூச்சு வாங்குற மாதிரி. அமெரிக்காவுல 2018-ல வெளியான ஒரு ஆய்வுல, புதுசா கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் மருந்து ஆரம்பிக்காத 128 பேரை எடுத்துக்கிட்டாங்க. ஆறு மாசம் டிரெட்மில்ல இதயத் துடிப்பு நல்லா ஏறுற அளவுக்கு நடந்தவங்களுக்கு, ஒண்ணும் செய்யாதவங்களைவிட அறிகுறி மோசமாகுறது குறைவா இருந்துச்சு. ஹாங்காங்ல 138 பேரை வெச்சு 2019-ல வந்த இன்னொண்ணுல, எட்டு வாரம் மனம் குவிச்சுப் பண்ற யோகா, சாதாரண உடற்பயிற்சி அளவுக்கு உடம்புக்கு உதவினதோட, பதற்றத்தையும் சோர்வையும் அதைவிட நல்லாக் குறைச்சுது. அப்பாகிட்ட யோகான்னு சொன்னா எழுந்து போயிடுவாரு. அதனால விடியக்காலையில மேலரசம்பட்டு ரோட்டுல வேக நடை. டாக்டர் இதயத்தைப் பரிசோதிச்சு ஓகே சொன்னதுக்கப்புறம்தான். முதல் வாரம் அம்மா கூடப் போனாங்க. ரெண்டாவது வாரம் அம்மா, "என்னால உங்கப்பா பின்னாடி ஓட முடியலடி"ன்னு நின்னுட்டாங்க.

கை நின்னுடுச்சான்னு கேட்பீங்க. இல்லை. ஆடுது. தூக்கம் நாலரை வரைக்கும் வந்திருக்கு. மாத்திரை நேரத்துக்குப் போடுறாரு, அதுக்குக் காரணம் இருக்கு: சந்தையில ஏன் அது கை விடுதுன்னு இப்போ அவருக்குத் தெரியும். 100-ல இருந்து ஏழேழா கழிக்கிற பரிசோதனையை நான் அவருக்கு விளக்கினப்போ ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம், "ரெண்டு வரைக்கும் வந்து நின்னுடும்"ன்னாரு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான். அவர் அதுக்குள்ள முழுசா கழிச்சு முடிச்சிருந்தாரு. கையும் நல்லா ஆடிட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

போன மாசம் வெள்ளிக்கிழமை நான் ஊர்ல இருந்தேன். காலையில ஆறு மணிக்கு அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டாரு. பட்டனை அம்மா போடப் போனாங்க, வேணாம்னுட்டாரு. அதுக்கே கால் மணி நேரம் ஆச்சு. நானும் பின்னாடியே போனேன், கொஞ்சம் தள்ளி நின்னேன்.

ஒரு கிடா. வாங்க வந்தவர் குடியாத்தம் பக்கம்னு நினைக்கிறேன், முன்னப்பின்ன தெரியாதவர். அப்பா துண்டை எடுத்தாரு. கையைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி சொன்னாரு: "அண்ணே, எனுக்கு நரம்பு வியாதி. பார்கின்சனாம். கை ஆடும். அந்த ஆட்டத்தை வெலையில சேக்காத."

அந்த ஆள் ஒரு நொடி அப்பா முகத்தைப் பார்த்தாரு. "எங்க மாமனுக்கும் இருந்துச்சு"ன்னுட்டு துண்டுக்குள்ள கையை விட்டாரு. துண்டு ஆடிட்டேதான் இருந்துச்சு. ரெண்டு பேர் முகத்துலயும் ஒண்ணும் தெரியலை. நாலு நிமிஷம் இருக்கும். அப்புறம் அந்த ஆள் கையை உருவிக்கிட்டு, கயித்தை அவிழ்த்தாரு.